அடுப்படிச் சுவரை எடுத்த கதை

சென்ற ஆண்டு ஆவணியில் எங்கள் காரைக்குடி வீட்டின் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே நின்ற சுவரில் ஏழடி அகலத்துக்கு வாய் திறந்தோம். வந்து பார்க்கும் உறவினர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "தாளிக்கிற கமறல் கூடத்துக்கு வராதா?" என்பதுதான். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விடை இல்லை என்பதால், நாங்கள் எப்படி யோசித்தோம், எதில் தடுமாறினோம், எதைத் திருத்தினோம் என்பதை இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன்.

வீடு என் மாமனார் 1984-இல் கட்டியது. வடக்குப் பார்த்த வாசல்; முன்னால் 20 அடிக்கு 12 அடி கூடம்; அதன் பின்னால் தென்கிழக்கு மூலையில் பத்துக்கு எட்டு அடுப்படி; இரண்டுக்கும் இடையே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். அடுப்படிக்குக் கிழக்கே ஒரு சன்னல், தெற்கே கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போகும் கதவு. என் மாமியாரான அத்தைக்கு இப்போது 78 வயது. முழங்கால் வலியால் அடுப்பு முன் நிற்க முடியாமல் போன நாளிலிருந்து, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கித் தருவார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே மணத்தை வைத்து, "வெந்தயம் கருகுதும்மா, அடுப்பைக் குறை" என்று குரல் கொடுப்பார். அறுபது ஆண்டுகள் அடுப்படியை ஆண்ட ஒருவர் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. திறந்த அடுப்படி என்ற எண்ணம் எங்கள் வீட்டில் உருவானதற்கு அது ஒன்றே காரணம்.

இந்த அமைப்பை வெளியூர்ப் பழக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் பங்காளிகள் வீட்டை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே தெருவாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு என்னும் முதல் முற்றக் கட்டு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நிலைக்கு நேர் நிலையாகக் கண் ஓடிக் கொல்லைக் கதவின் வெளிச்சத்தில் போய் நிற்கும். அத்தனை பெரிய வீட்டில் பார்வைக்குத் தடையே கிடையாது. ஆனால் அடுப்பின் புகை மட்டும் முன்னால் வராது. ஏனென்றால் அடுப்படிகள் கடைசிக் கட்டில் இருக்கின்றன, அவற்றின் முன்னால் முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மகனுக்குக் கல்யாணமானதும் தனிச் சமையலாக வேறு வைத்து, புள்ளி என்று சொல்லும் ஒவ்வொரு தம்பதிக் குடும்பத்துக்கும் தனி அடுப்பு என்று ஒரே கூரையின் கீழ்ப் பல அடுப்புகள் எரிந்த வீடு அது. அத்தனை விறகுப் புகையும் முற்றத்தின் வழியாக மேலே போய்விட்டதால்தான் வளவின் பர்மாத் தேக்குத் தூண்களும் கண்ணாடி போன்ற சுண்ணாம்புப் பூச்சும் இன்றுவரை கறுக்காமல் இருக்கின்றன. கண்ணுக்கு ஒரு வழி, புகைக்கு வேறொரு வழி என்று அந்த வீட்டைக் கட்டியவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். இன்று சுவரை எடுக்கிற பலர் இரண்டையும் ஒரே வழியில் விட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள் என்பதே என் கருத்து.

மேல்நாட்டிலும் இதே சிக்கலைத் தங்களுக்கேற்றபடி யோசித்திருக்கிறார்கள். 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவுள்ள சிறிய அறைதான். ஆனாலும் கூடத்துப் பக்கம் ஒரு நகரும் கதவு வைத்து, வேலை செய்பவரின் பார்வையில் பிள்ளைகள் இருக்கும்படி செய்தார். அமெரிக்காவில் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் அடுப்படியைக் கூடத்தோடு சேர்த்துக் கட்டிய சில வீடுகளில், அடுப்படிக் கூரையை மட்டும் உயர்த்தி, உச்சியில் சன்னல் வைத்தார். சூடும் மணமும் மேலேறி வெளியே போகட்டும் என்பதற்காக. அதைப் படித்தபோது மூன்றாங்கட்டு முற்றம்தான் என் நினைவுக்கு வந்தது.

முதலில் நாங்கள் போன மாடுலர் கிச்சன் நிறுவனம், கணினியில் மிக அழகான படம் ஒன்று போட்டுத் தந்தது. தரையிலிருந்து கூரை வரை சுவரே இல்லை. நடுவில் தீவு போல ஒரு மேடை. அதன் மேல் அடுப்பு. அடுப்புக்கு மேலே கரி வடிகட்டி வைத்து அறைக்குள்ளேயே காற்றைத் திருப்பி விடும் சிம்னி. குழாய் வெளியே போகாதா என்று கேட்டதற்கு, "குழாய் போனால் கூடத்தின் அழகு கெடும்" என்றார்கள். கரி வடிகட்டி மணத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் கொதிக்கும் குழம்பின் ஈரமும் அடுப்பின் சூடும் மிளகாய்க் காரமும் வீட்டுக்குள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் காரைக்குடியில் சமைத்தவர்களுக்கு அந்தச் சூடு எவ்வளவு என்று தெரியும். அந்தப் படத்தை மடித்து வைத்துவிட்டு, பழைய வீடுகளைப் பழுது பார்த்துப் பழகிய ஒரு கொத்தனாரையும், கட்டுமானக் கணக்குப் பார்க்க ஒரு பொறியாளரையும் அழைத்தோம்.

கொத்தனார் செய்த முதல் காரியம், அடுப்பு இருக்கும் இடத்தில் தணலோடு ஒரு தூபக்காலை வைத்துச் சாம்பிராணி போட்டதுதான். இருந்த கதவையும் சன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தும் மூடியும் புகை எங்கே போகிறது என்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்திரையில் ஒரு மாலையும், ஆனியில் ஒரு காலையும் இதைச் செய்தோம். கொல்லைக் கதவு திறந்திருந்தால், தெற்கே இருந்து வரும் காற்று புகையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுப்படி வாசல் வழியாக நேரே கூடத்துக்குள் போனது. அதே கதவை மூடி, கூடத்தின் மேற்குச் சன்னலைத் திறந்தபோது, புகை மெல்ல மேலேறிக் கூரையடியில் தங்கிக் கிழக்கு வெண்டிலேட்டர் வழியாக வெளியேறியது. ஒரு படமும் கணக்கும் சொல்லாத விவரத்தை இரண்டு ரூபாய்ச் சாம்பிராணி சொல்லிவிட்டது. சுவரைத் தொடுவதற்கு முன் யாராக இருந்தாலும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது சுவர். எங்கள் வீட்டில் அந்தச் சுவர்தான் கூரைத் தளத்தின் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே வெறுமனே உடைத்துவிட முடியாது. முட்டுக் கொடுத்துவிட்டு, ஏழடி உயரத்தில் லிண்டல் மட்டத்தில் சுவரின் ஒரு பக்கம் பாதிக் கனத்துக்கு வெட்டி, ஆறு அங்குல இரும்பு ஐ பீம் ஒன்றை நுழைத்து, இரு முனையிலும் ஒன்பது அங்குலம் சுவரில் உட்காரும்படி வைத்துக் காரை அடைத்தார்கள். அது இறுகிய பிறகே மறுபக்கத்தை வெட்டி இரண்டாவது பீமை வைத்தார்கள். அதன் பின்புதான் கீழேயுள்ள செங்கல்லை எடுத்தார்கள். பீம் அளவைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் வைத்த அளவு நம் வீட்டுக்குப் பொருந்தாது.

பீம் ஏழடியில் நின்றதால், கூரைக்கும் திறப்புக்கும் இடையே மூன்றடிச் சுவர் மேலே அப்படியே இருக்கிறது. முதலில் எனக்கு அது குறையாகத் தெரிந்தது. கூரை வரை திறந்தால்தானே இரண்டு அறையும் ஒன்றாகத் தோன்றும் என்று வருந்தினேன். இப்போது அந்த மூன்றடிதான் இந்த அமைப்பின் உயிர் என்று நினைக்கிறேன். சூடான புகை எப்போதும் கூரையைத்தான் தேடிப் போகும். மேலே சுவர் தொங்கிக்கொண்டிருந்தால், கவிழ்த்து வைத்த பாத்திரத்துக்குள் அடைபடுவது போலப் புகை அடுப்படிக் கூரையின் கீழேயே தேங்கி நிற்கும். அங்கே கிழக்குச் சுவரின் உச்சியில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் அதை இழுத்து வெளியே தள்ளிவிடும். கூரை மட்டம் வரை வெட்டியிருந்தால், புகை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு கூடத்தின் மறுகோடி வரை போயிருக்கும். நின்றாலும் உட்கார்ந்தாலும் நம் பார்வை ஏழடிக்குக் கீழேதான் இருக்கிறது. ஆகவே பார்ப்பவர்களுக்கு அந்த மேல்சுவர் இருப்பதே உறைப்பதில்லை.

திறப்பின் ஏழடியில் மூன்றடி நடைவழி. மீதி நான்கடிக்குக் கீழே கைப்பிடிச் சுவர். அதன் உயரத்தை நாங்கள் காகிதத்தில் முடிவு செய்யவில்லை. நான்கடி உயரம் வரை செங்கல்லை எடுத்ததும், வேலையை நிறுத்தச் சொல்லி, அத்தையின் நாற்காலியைக் கூடத்தில் வழக்கமான இடத்தில் போட்டு அவரை உட்கார வைத்தோம். "உன் கொண்டைதான் தெரியுது, முகம் தெரியல" என்றார். கொத்தனார் ஒரு வரிசைக் கல்லை எடுத்தார். "நெத்தி தெரியுது" என்றார். இன்னொரு வரிசை எடுத்ததும் அத்தை ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்படியே மூன்றரை அடியில் நிறுத்தினோம். சமையல் மேடை என் உயரத்துக்கு 33 அங்குலம். கைப்பிடிச் சுவர் அதைவிட ஒன்பது அங்குலம் உயரமாக நிற்பதால், மேடையில் கிடக்கும் தோலும் கரண்டியும் எச்சில் தம்ளரும் கூடத்தில் இருப்பவர் கண்ணில் படுவதில்லை. திறந்த அடுப்படியில் எந்நேரமும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று என் தங்கை தன் சென்னை வீட்டைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வாள். அவள் வீட்டில் இந்த ஒன்பது அங்குலம் இல்லை. சுவரின் தலையில் வைத்திருக்கும் பலகை, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் கடையில் வாங்கிய தேக்கு. இடித்த வீட்டு மரம்தான் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. கப்பலேறி எங்கோ போவதைவிட நம் ஊர்ச் சமையலறையில் இருக்கட்டும் என்று எடுத்து வந்தேன்.

சிம்னியின் அளவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சமைக்கும்போது மணிக்குப் பத்து முறையாவது அறையின் காற்று முழுவதும் மாற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுவர் இருந்தபோது எங்கள் அடுப்படியின் கொள்ளளவு 800 கன அடி, அதாவது ஏறத்தாழ 23 கன மீட்டர். மணிக்கு 230 கன மீட்டர் இழுத்தால் போதும். சுவரை எடுத்ததும் கூடமும் கணக்கில் சேர்ந்து 3,200 கன அடி, அதாவது 90 கன மீட்டருக்குச் சற்று மேல். இப்போது மணிக்கு 900 கன மீட்டருக்குக் குறையாமல் இழுக்க வேண்டும். பழைய சிம்னியையே மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நாங்கள் 1,200 கன மீட்டர் இழுக்கக்கூடிய ஒன்றை, அடுப்பைவிட அகலமாக, பர்னருக்கு மேலே இரண்டேகால் அடியில் பொருத்தி, ஆறு அங்குலக் குழாயை ஒரே ஒரு வளைவோடு கிழக்குச் சுவர் வழியாக வெளியே விட்டோம். குழாய் நீளமானாலும் வளைவு கூடினாலும் இழுவை குறையும். இன்னொன்று, வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். எல்லாச் சன்னலையும் சாத்திவிட்டுச் சிம்னியை மட்டும் ஓட விட்டால் அது சத்தம்தான் போடும். கூடத்தில் ஏசி வைக்கலாம் என்று மகன் சொன்னதை நான் மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெய்ப் பிசுக்கு ஏசியின் வலையில் போய்ப் படியும் என்பது மற்றொன்று.

கூடத்துச் சீலிங் ஃபேனால் அடுப்பின் நெருப்பு அலையும் என்பதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அடுப்பைக் கிழக்குச் சுவரோரமாக, கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி வைத்திருந்தும், முதல் வாரம் நெருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. திறப்புக்கு அருகில் இருந்த ஃபேனை எடுத்துவிட்டு, வடக்குக் கோடியில் சுவர் ஃபேன் மாட்டியதும் சரியாகிவிட்டது. கேஸ் சிலிண்டரைக் கொல்லைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, செம்புக் குழாய் வழியாக உள்ளே கொண்டு வந்திருக்கிறோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படர்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். அடுப்படிக்கும் கூடத்துக்கும் கதவே இல்லாத வீட்டில் அது பூசை விளக்கு வரை போய்விடும் என்ற அச்சம் எனக்கு இருந்தது. கசிவை உணர்ந்து ஒலிக்கும் கருவியையும் அதனால்தான் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டச் சொன்னேன்.

இரண்டு இடத்தையும் ஒன்றாகக் காட்டுவது தரைதான். கூடத்தில் ஏற்கனவே ஆத்தங்குடிக் கல், அதாவது பூப்போட்ட சிமெண்டு டைல், பதித்திருந்தது. அதே பூவை அடுப்படிக்குள்ளும் ஓட விட வேண்டும் என்பது என் ஆசை. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு இறுக்கிக் காயவைத்து, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். அதன் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி தந்தது. முழுக்கச் சிமெண்டு என்பதால் புளிப்பு அதற்கு ஆகாது. மிச்சமிருந்த ஒரு கல்லை எடுத்து, ஒரு மூலையில் புளிக்கரைசல், ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு, நடுவில் மஞ்சள் குழைத்த நல்லெண்ணெய் என்று தடவி, இரவு முழுவதும் வைத்திருந்தேன். காலையில் கழுவிப் பார்த்தால் புளி பட்ட இடம் பளபளப்புப் போய்ச் சுண்ணாம்பு தடவியது போல மங்கியிருந்தது. எலுமிச்சை பட்ட இடத்தில் விரலை வைத்தால் சொரசொரப்பே தெரிந்தது. மஞ்சள் கறை இன்றுவரை அந்தக் கல்லில் இருக்கிறது. காரக்குழம்பு வைக்கும் வீட்டில் அடுப்புக்கு நேர் கீழே அந்தக் கல்லைப் போடுவது அதற்குச் செய்யும் கொடுமை. ஆகவே மேடையை ஒட்டி இரண்டடி அகலத்துக்குக் கறுப்புக் கிரானைட் பட்டை, அதற்கு இப்பால் ஆத்தங்குடிக் கல் என்று பிரித்துவிட்டோம். பட்டையின் கறுப்பும் கல்லின் ஓரத்துக் கறுப்புக் கரையும் ஒன்றாக அமைந்ததால், அது சேலைக்குக் கரை பிடித்தது போல இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன். நடக்க நடக்க மெருகேறும் தரை அது.

அலமாரிகளுக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட். சிங்க்கின் கீழே மட்டும் மரமே வைக்காமல் காங்கிரீட் தட்டு, கரையானுக்குப் பயந்து. விளக்குகள் கூடத்திலும் அடுப்படியிலும் ஒரே மஞ்சள் சாயல். வெவ்வேறு சாயல் போட்டால், சுவர் எடுத்த இடத்தில் ஒளியே சுவராக நிற்கும். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு மாடம் ஒதுக்கிவிட்டோம். கூடத்தில் ஒருவர் போனில் பேசும்போது தேங்காய் அரைப்பதைப் போன்ற தொல்லை வேறில்லை.

அதே தாழ்வாரத்தில் இரட்டை அடுப்பு ஒன்றும் வைத்திருக்கிறோம். வெள்ளைப் பணியாரம், சீயம், கந்தரப்பம், மணகோலம் என்று எண்ணெய்ச் சட்டி வைக்கும் எதையும் அங்கேதான் செய்கிறோம். மணிக்கணக்கில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும் வேலையை எந்தச் சிம்னியும் முழுதாகத் தாங்காது. திறந்த அடுப்படி கேட்கும் செட்டிநாட்டு வீடுகள் எல்லாவற்றுக்கும் நான் சொல்வது, பின்னால் ஒரு திறந்த தாழ்வாரமும் அடுப்பும் இல்லாவிட்டால் முன்னால் சுவரை எடுக்க வேண்டாம் என்பதுதான். மூன்றாங்கட்டு இல்லாமல் வளவு இல்லை.

வேலை முடிந்த அன்று வரமிளகாய் பத்தை வெறும் சட்டியில் வறுத்தோம். அத்தை தன் நாற்காலியில், மகன் வாசலில், நான் அடுப்பில். நான் இருமினேன், மற்ற இருவருக்கும் ஒன்றும் இல்லை. புரட்டாசி வரை அப்படியே நடந்தது. ஐப்பசியில் வடகிழக்குக் காற்று எழுந்தபோதுதான் நாங்கள் சோதிக்காமல் விட்ட ஒன்று தெரிந்தது. கிழக்குச் சுவரில் இருக்கும் எக்ஸாஸ்ட் துவாரத்திலும் சிம்னிக் குழாயின் வாயிலும் காற்று எதிர்த்து அடித்து, புகையை உள்ளேயே திருப்பிவிட்டது. குழாயின் வாய்க்கு உள்பக்கம் திரும்பாத மடலுடன் கூடிய மூடி ஒன்று போட்டோம். மழைக்காலத்தில் மட்டும் கொல்லைக் கதவைத் திறந்து, கூடத்தின் வடக்குச் சன்னல்களையும் திறந்து வைக்கிறோம். காற்று வாசல் பக்கம் நுழைந்து, புகையைத் தெற்கே கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆனி ஆடியில் இதற்கு நேர்மாறு, கொல்லைக் கதவைச் சாத்தி மேற்குச் சன்னலைத் திறக்க வேண்டும். எந்த மாதம் எந்தக் கதவு என்பதை அத்தைதான் நினைவில் வைத்திருக்கிறார். தாளிப்புக்கு எண்ணெய் ஊற்றும்போதே, "கதவைப் பார்த்தியாம்மா?" என்று கேட்டுவிடுவார், நான் அடுப்பிலிருந்து இடது பக்கம் திரும்பினால் அவர் முகம் தெரியும்.